ஓலையில் எழுதப்படாத பெயர்கள்



பிழைப்பைத் தேடித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தவர்களுள் நீங்களும் ஒருவராயிருக்கக்கூடும். தம்பானூரில் இரயிலைவிட்டு இறங்கி, சாலைக் கடைத்தெருவில் வேலை தேடி, கரமனைப் பக்கம் வாடகை வீடு பிடித்து, வருஷங்கள் பல கடந்திருக்கும். ஆயினும் இந்நகரத்தின் பழைய ஏடுகளையும் படங்களையும் ஒருநாளாவது பார்த்ததுண்டா? ஓய்வான ஒரு நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

முதலில் கோட்டைப் பகுதிக்குச் செல்வோம். அங்கே கேரள அரசின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. முற்காலத்தில் சிறைச்சாலையாகவும் இருந்த கட்டடம் அது. 2022-ஆம் ஆண்டு முதல் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே நடைபெற்று வருகிறது. இக்காப்பகத்தின் வசம் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஓலைகள் உண்டு. கட்டுக்கட்டாய்ச் சேர்த்து வைத்த இவ்வோலைகளை மலையாளத்தில் 'சுருண' என்பர். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகியவற்றோடு பழந்தமிழ் எழுத்தும் இவற்றில் காணப்படுகிறது. 'இது நமக்கு அந்நிய ஊர்' என்று சொல்லிக்கொள்ளும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதுவரை அவ்வூர்களின் ஆட்சிக் காரியங்கள் இந்நகரத்திலிருந்தே நடந்தன. குமரி மாவட்டத்திலிருந்து வந்தவருக்கு இது பாட்டனார் காலத்துத் தலைநகரம்.

ஆனால் ஓலைகளில் எழுதப்பட்டவர்கள் யார்? கோயிலும் அரண்மனையும், நிலமும் வரியும், நிலத்துக்கு உரியவர்களுமே பெரும்பாலும் அவற்றில் இடம்பெற்றனர். அந்த நிலத்தை உழுதவர்களோ பொருளாகவே எண்ணப்பட்டனர். மலையாள நாட்டில் அடிமைகளை விலைக்கு விற்கவும், காணமாக ஒற்றி வைக்கவும், பாட்டத்துக்கு விடவும் வழக்கம் இருந்தது. 1836-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு திருவிதாங்கூரின் மக்கள்தொகை 12,80,668 என்றும், அவர்களுள் அடிமைகள் 1,64,864 பேர் என்றும் காட்டுகிறது. ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர்! புலையர், பறையர், குறவர் முதலான அம்மக்கள் எண்ணிக்கையாக அக்கணக்கில் இருக்கிறார்கள், பெயராக இல்லை.

1847-ஆம் ஆண்டில் மிஷனெரிமார் இவர்களுக்காக மகாராஜாவிடம் விண்ணப்பம் செய்தனர். சென்னை அரசாங்கமும் வற்புறுத்தியது. 1853-இல் ஒரு பிரகடனம் வந்தது; அரசாங்க அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் மட்டுமே அதன்படி விடுதலை பெற்றனர். 1855-இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் காலத்தில் வெளிவந்த மற்றொரு பிரகடனமே அடிமைத்தனத்தை ஒழித்தது. பிரகடனம் வந்த அன்றே துன்பம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பொதுவழியில் நடக்கவும் பள்ளியில் உட்காரவும் அவர்கள் இன்னும் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது.

கோட்டையிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியே வடக்கே நடந்தால் தலைமைச் செயலகம் தோன்றும். வில்லியம் பார்ட்டன் வடிவமைத்த இம்மாளிகை 1869-இல் நிறைவுற்றது. திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரரான சக்கரியா டி குரூஸ் ஏறக்குறைய 1900-ஆம் ஆண்டில் எடுத்த இந்நாட்டுப் படங்களின் தொகுப்பு இன்று பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அத்தகைய பழைய படங்களைப் பார்க்கும்போது கட்டடத்தின் பெயர் தெரிகிறது, ஆண்டு தெரிகிறது. கல் சுமந்த பெண்ணின் பெயர் மாத்திரம் எங்கும் இல்லை.

இன்னும் சற்று நடந்து பாளையத்தை அடையுங்கள். 1896-இல் திறக்கப்பட்ட விக்டோரியா ஜூபிலி மண்டபம் அங்கே நிற்கிறது. ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிய இடம் அது. 1863-இல் வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்த அய்யங்காளி, தமக்கு மறுக்கப்பட்ட சாலையில் 1893-இல் வில்லுவண்டி ஓட்டிச் சென்றவர். எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் அச்சபையின் உறுப்பினராகி, 1912-இல் தம் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டார். பெயரின்றி எண்ணப்பட்டவர்களின் வழிவந்த ஒருவருடைய பேச்சு அரசாங்க ஏட்டில் பெயரோடு பதிவாயிற்று. அம்மண்டபத்துக்கு 2019-இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

நகரத்துக்கு வெளியே ஊருட்டம்பலம் பள்ளியில் பாதி எரிந்த பெஞ்சு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பஞ்சமி என்னும் புலையர் சிறுமியை அய்யங்காளி அங்கே சேர்க்க அழைத்துச் சென்றபோது, எதிர்த்தவர்கள் பள்ளிக்குத் தீ வைத்தனர். அந்தக் கரிந்த பலகையும் ஓர் ஆவணமே. இன்று அப்பள்ளி அவ்விருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

எருசலேமின் அலங்கத்தைப் பழுதுபார்த்தவர்களின் பெயர்களை நெகேமியாவின் புத்தகத்தில் வாசித்திருக்கிறீர்கள். தட்டாரும் வியாபாரிகளும், ஒருவருடைய குமாரத்திகளும்கூட அவ்வரிசையில் நினைக்கப்பட்டிருக்கிறார்கள். நம் காரியம் எப்படி? தாத்தாவின் பெயரைக் கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை நான் காண்கிறேன். வாடகை வீடு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு திருமணப் படமும், ஒரு பழைய கடிதமும், ஒரு பள்ளிச் சான்றிதழும் தொலைந்துபோகின்றன.

பிரியமானவர்களே, இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு இந்நகரத்துக்கு வந்தீர்கள் என்று எழுதுங்கள். வீட்டிலுள்ள படங்களின் பின்புறத்தில் பெயரையும் தேதியையும் குறியுங்கள். வீட்டு வேலை செய்த தாயின் பெயரையும், மூட்டை சுமந்த தகப்பனின் பெயரையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். நம் முன்னோரின் பெயர்களை எழுத அன்று ஒருவரும் முன்வரவில்லை. இன்று எழுதுகோல் நம் கையில் இருக்கிறது.