பேச்சிப்பள்ளத்து எழுத்துகளும் உன் சின்னக் கேமராவும்

அன்புள்ள மருமகள் யாழினிக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய சமணர் மலைப் படங்களைக் கணினியில் போட்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனிலேயே சொல்லிவிடலாம், ஆனால் மலையில் நிற்கும்போது நீ எடுத்துப் பார்க்க, தாளில் இருப்பதுதான் நல்லது.

அக்கா பேசினாள். புதுக் கேமராவுக்கு நாற்பதாயிரம் ஆகும் என்கிறாளே, வளையலை அடகு வைக்கட்டுமா என்று கேட்டாள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்மேல் வருத்தப்படாதே தாயி. உன் ஆய்வேட்டுக்கு வேண்டிய படம் உன் கையிலிருக்கிற கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ்ஸிலேயே வரும். 2007-இல் வந்த விலை குறைந்த கேமராதான். 7.1 மெகாபிக்சல், ஒரு படத்தில் 3072க்கு 2304 புள்ளிகள். முழுப் படத்தையும் ஏ4 தாளில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 260 புள்ளிக்குமேல் கிடைக்கிறது. ஆய்வேட்டில் ஒரு பக்கம் முழுக்கப் போட அது தாராளம். கடையில் மெகாபிக்சலைச் சொல்லித்தான் விற்பார்கள். உன் படங்களில் நான் கண்ட குறைக்கு அது காரணமில்லை.

செட்டிப்பொடவுக் குகைக்குள் எடுத்த படத்தையே எடுத்துக்கொள். சிங்கத்தின் மேலிருந்து யானைமீது வருபவனோடு போரிடும் அந்த இயக்கி. அவள் முகமும் பின்னாலுள்ள பாறையும் மெழுகு பூசினாற்போல் வழவழவென்று இருக்கின்றன. பாறையின் சொரசொரப்பு எங்கே போயிற்று? படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தேன்: ஐஎஸ்ஓ 800. அங்கேதான் விடை இருக்கிறது.

இந்தக் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 5.8 மில்லிமீட்டருக்கு 4.3 மில்லிமீட்டர். நான் ஸ்டுடியோவில் பயன்படுத்திய 35 எம்எம் பிலிமின் ஒரு சட்டகம் 36க்கு 24. பரப்பளவில் உன் சென்சாரைப்போல 35 மடங்கு. அவ்வளவு சின்ன இடத்தில் விழும் வெளிச்சமும் கொஞ்சம்தான். குகைக்குள் வெளிச்சம் போதாதபோது ஆட்டோவில் விட்டிருந்தால், கேமரா தானாக ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்கிறது. ஏற்றினால் வெளிச்சம் கூடுவதில்லை. கிடைத்த கொஞ்சத்தை மின்னணு முறையில் பெருக்குகிறது, அவ்வளவுதான். கூடவே பொரிப்பொரியான நாய்ஸும் பெருகுகிறது. அதை மறைக்க உள்ளிருக்கும் சில்லு படத்தைத் தேய்க்கிறது. எது நாய்ஸ், எது உளி பட்ட தடம் என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. பிறகு விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்கி, ஜேபெக்காகச் சுருக்கி உன்னிடம் தருகிறது. நீ பார்ப்பது பாறையை அல்ல, பாறையைப் பற்றிக் கேமரா அவசரமாக எடுத்த முடிவை.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: சென்சாருக்கு வேண்டிய வெளிச்சத்தைக் கொடு, முடிவுகளை உன் கையில் வைத்துக்கொள். ஸ்டுடியோ நாட்களில் எங்களிடம் இருந்தது பெரும்பாலும் 100 ஏஎஸ்ஏ பிலிம்தான். அதை மாற்ற முடியாது. விளக்கைத்தான் நகர்த்துவோம், ஆளைத்தான் ஜன்னலோரம் உட்காரவைப்போம். நீயும் ஐஎஸ்ஓவை 80-இல் வைத்துவிட்டு, அதைத் தொடவே முடியாது என்று நினைத்துக்கொள். அப்போது மற்ற வழிகளைத் தேடத் தொடங்குவாய்.

முதல் வழி, நேரம். சிலை எங்கும் ஓடிப்போவதில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி ஷட்டரைத் திறந்து வைக்கலாம். அதற்குக் கேமரா அசையக்கூடாது. டிரைபாட் நல்லது. ஆனால் சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். நீ படிக்கும் துறையின் தலைவரிடம் கடிதம் வாங்கி, முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடு. அனுமதி கிடைக்கவில்லையென்றால் ஒரு சின்னத் துணிப்பையில் மணலை நிரப்பி, கல்லின்மேல் வைத்து, அதில் கேமராவை அழுத்தி உட்காரவை. பொத்தானை விரலால் அமுக்கும்போதே படம் ஆடிவிடும். 2 விநாடி டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிடு. அசையாமல் உட்கார்ந்த கேமராவில் ஐஎஸ் என்கிற ஆட்டத் தடுப்பு தேவையில்லை, அதை அணைத்துவை. ஒரு விநாடிக்குமேல் திறந்து வைத்தால், படம் எடுத்த பிறகும் கேமரா சற்று நேரம் வேலை செய்யும். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து அணைத்துவிடாதே. இருட்டுப் படம் ஒன்றை எடுத்து நாய்ஸைக் கழித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, அபர்ச்சர் என்கிற லென்ஸ் திறப்பு. பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் எஃப் 8, எஃப் 11 என்று மூடச் சொல்வார்கள். அந்த அறிவுரை உனக்குப் பொருந்தாது. இந்தச் சென்சாரில் ஒரு பிக்சல் 2 மைக்ரானுக்கும் குறைவு. எஃப் 8-இல் ஒளி வளைந்து பரவி உண்டாக்கும் புள்ளியின் அகலம் ஏறக்குறைய 10 மைக்ரான். ஒரு புள்ளியே ஐந்தாறு பிக்சலில் பரவிக் கிடந்தால் எழுத்தின் விளிம்பு எப்படித் தெளிவாக இருக்கும்? முழுக்கத் திறந்தால் ஓரங்கள் மழுங்கும். எஃப் 4 பக்கமாக வைத்துக்கொள். டிஜிட்டல் ஜூமை மெனுவிலேயே அணைத்துவிடு. அது இருக்கிற பிக்சலை ஊதிக் காட்டும், வேறொன்றும் செய்யாது. லென்ஸ் ஜூமையும் இரண்டு ஓரங்களிலும் நிறுத்தாமல் நடுவில் வைத்தால் நேர்கோடு அவ்வளவாக வளையாது.

இனி வெளிச்சம். அதே மலையின் பேச்சிப்பள்ளம் திறந்தவெளி என்பதால் அங்கே உனக்கு வெளிச்சக் குறை இல்லை. ஆனாலும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்து உன் படத்தில் பாதிக்குமேல் படிக்க முடியவில்லை. ஏன்? வெளிச்சம் முகத்துக்கு நேராக விழுந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குமேல் மழையும் காற்றும் தின்ற எழுத்து. ஆழம் மிகக் குறைவு. பக்கவாட்டில், பாறையை உரசிக்கொண்டு வருகிற ஒளியில்தான் அந்த ஆழம் நிழலாக மாறிக் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்க அங்கேயே இருந்து, எந்த நேரத்தில் வெயில் சாய்ந்து விழுகிறது என்று பார்த்து எழுதிக்கொள். நிழல் ரொம்பக் கறுத்துப் போனால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடி. குகைக்குள் எல்இடி டார்ச் போதும். கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் கையை நீட்டி, பாறைக்கு மிகச் சாய்வாகப் பிடி. கேமராவின் சொந்த ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அது நேர் எதிரிலிருந்து அடித்து எல்லா நிழலையும் அழித்துவிடும்.

இன்னொன்று. ஒளி வரும் திசையிலேயே ஓடுகிற கோட்டுக்கு நிழல் விழாது. அந்தக் கோடு படத்தில் மறைந்துபோகும். வட்டெழுத்தோ வளைவுகளால் ஆனது. ஒரே திசையிலிருந்து எடுத்தால் வளைவின் ஒரு பகுதி விட்டுப்போய் வேறு எழுத்தாகத் தோன்றலாம். அதனால் கேமராவை அசைக்காமல் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடு. எழுத்து தெளியவேண்டும் என்று சாக்பீஸ் பொடியைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய், தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. நீ அந்தப் பாறையில் கையைக்கூட வைக்கக்கூடாது. உன் படம் வராமலே போனாலும் பரவாயில்லை.

இவ்வளவும் செய்த பிறகு ஜேபெக்கின் தேய்ப்பு மட்டும் மிச்சம். சூப்பர்ஃபைனில் வைத்து, மை கலர்ஸில் ஷார்ப்னஸைக் குறைத்தால் கொஞ்சம் தேறும். முழுத் தீர்வு வேண்டுமானால் சிஎச்டிகே இருக்கிறது. ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகத் தருகிற மென்பொருள். கேனான் தருவதல்ல, அதனால் நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது. இந்தக் கேமராவில் கேனான் கொடுக்காமல் விட்ட, சில்லு தேய்க்காத ரா படத்தை அது எடுத்துத் தருகிறது. எஸ்டி கார்டில்தான் இருக்கும். கேமராவின் சொந்த நிரலை மாற்றுவதில்லை. அந்தக் கார்டை எடுத்துவிட்டால் கேமரா பழையபடி ஆகிவிடும். உன் கேமராவின் ஃபர்ம்வேர் எண்ணுக்கு உரிய பதிப்பையே எடுக்கவேண்டும், அதில் கவனம். ஒரு ரா படம் 9 எம்பி அளவுக்கு வரும், எழுதவும் நேரமாகும். டிஎன்ஜி வடிவில் சேமித்தால் ராதெரபி, டார்க்டேபிள் இரண்டுமே திறக்கும், இரண்டும் இலவசம். திறந்ததும் வண்ண நாய்ஸை மட்டும் நீக்கு. சாம்பல் பொரியைத் தொடாதே; எழுத்தின் விளிம்பு அதோடு சேர்ந்துதான் இருக்கிறது.

குகைக்குள் அப்படியும் பொரி தெரிந்தால் ஒரே படத்தை அசையாமல் நான்கு முறை எடுத்துக் கணினியில் சராசரி எடு. சிலை நான்கிலும் ஒரே இடத்தில் இருக்கும். நாய்ஸ் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் விழும். நான்கு படத்தில் நாய்ஸ் பாதியாகும், பதினாறில் கால்வாசியாகும். கிம்ப்பில் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலிருந்து ஒளிபுகாமையை 100, 50, 33, 25 என்று வைத்தால் போதும். இதை எந்த விலையுயர்ந்த கேமராவும் உனக்காகச் செய்து தரவேண்டியதில்லை. நீ அந்த இயக்கியின் முன்னால் கூடுதலாகச் சில நிமிடம் நிற்கப்போகிறாய், அவ்வளவே.

இரண்டு ஜோடி ரீசார்ஜ் பேட்டரியும் சார்ஜரும் பார்சலில் அனுப்புகிறேன். சாதாரண பேட்டரி இந்தக் கேமராவில் சீக்கிரம் இறங்கிவிடும். எல்லாம் முயன்ற பிறகும் படம் போதவில்லை என்று உனக்குத் தோன்றினால் சொல். வளையலுக்கு வேலையில்லை, கேமராவுக்கு நான் பணம் தருகிறேன்.

பேச்சிப்பள்ளத்து வட்டெழுத்துகளைத்தான் முதலில் எடு. சிற்பத்தைச் செய்வித்தவர் பெயர் அங்கே இருக்கிறது. கடைசி எழுத்துவரை அதைப் படித்துப் பார்க்க எனக்கும் ஆசை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பு.

அன்புடன்,
மாமா