ஜாகை மாற்றப் போகிறீர்களா?

உங்களை இன்று ஒரு சிறு பிரயாணத்துக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், காசிக்கும் இல்லை, காஷ்மீருக்கும் இல்லை. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கப் போகிறோம், அவ்வளவுதான். வழியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம்!

காசிக்குப் புறப்படுகிறவர்கூட மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். ஜாகை மாற்றப் போகிற குடும்பத்தில் ஒரு மாதத்துக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து குடியிருந்த மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, நாலு வருஷத்துக்கு முன் நாங்கள் குரோம்பேட்டைப் பக்கம் போனோம். அந்த மாற்றத்தில் நாங்கள் செய்த தவறுகளை எண்ணக் கைவிரல் போதாது. அவற்றை நீங்களும் செய்ய வேண்டாமே என்றுதான் இந்தப் பிரயாணம்.

இதோ, வண்டி வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். வயலும் ஏரியுமாய்க் கிடந்த இடமெல்லாம் வீடும் வாசலுமாய் ஆனதற்கு இந்த ரயிலும் ஒரு காரணம். சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை எல்லாம் தாண்டியாயிற்று. அடுத்த ஸ்டேஷனின் பெயர்ப் பலகையைக் கொஞ்சம் கவனியுங்கள்: பழவந்தாங்கல். தாங்கல் என்றால் சிறு ஏரி. ஏந்தல் என்றாலும் அதுதான். வீடு தேடுகிறவர் முதலில் படிக்க வேண்டியது 'டுலெட்' பலகையை அல்ல, ஊரின் பெயரை. 'ஏரிக்கரைத் தெரு' என்று பெயர் இருந்து, கண்ணுக்கு ஏரி தெரியவில்லை என்றால், "ஏரி எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டு அப்புறம் வாடகையைக் கேளுங்கள்.

2015 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 1-ந் தேதி ஆரம்பித்த மழை மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அடையாற்றங்கரையில் இருக்கும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கங்களில் ஜனங்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்காக அங்கெல்லாம் குடியிருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஒரே பேட்டையில் ஒரு தெரு மூழ்கியது. அடுத்த தெருவில் கோலம்கூட அழியவில்லை. எந்தத் தெரு எது என்று புரோக்கர் சொல்லமாட்டார். தெருமுனை டீக்கடைக்காரர் சொல்வார்; இஸ்திரி வண்டிக்காரர் சொல்வார். "அந்த வருஷம் தண்ணீர் எதுவரைக்கும் வந்ததுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் கையை வைத்தே காட்டிவிடுவார்கள்.

நம் வீடுகளில் ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகமாட்டோம். மே மாதம் பள்ளிக்கூட விடுமுறை. அப்போதுதான் ஊரே மூட்டை கட்டும். வெயிலில் பார்க்கும்போது எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். முடியுமானால் ஐப்பசி மழையில் வீட்டைப் பாருங்கள். தை பிறந்ததும் போங்கள். ஒழுகுகிற கூரை, தேங்குகிற தெரு, ஓதம் காக்கிற சுவர் மூன்றும் அப்போதுதான் தங்களைக் காட்டிக் கொள்ளும். குழந்தைகளின் படிப்பு காரணமாக மே மாதத்தில்தான் போக வேண்டுமென்றால், கோடையில் கிணறும் போரும் எப்படி என்று அக்கம்பக்கத்து வீட்டு அம்மாக்களிடம் விசாரிக்க மறக்காதீர்கள்.

குரோம்பேட்டை வந்துவிட்டது, இறங்குங்கள். குரோம் லெதர் தொழிற்சாலையால் இந்த ஊருக்கு இந்தப் பெயர். 2021-லிருந்து இது தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது.

இங்கே பார்த்த முதல் வீட்டில் என் மனைவி ஒரு காரியம் செய்தாள். பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். "எதற்கு?" என்றேன். "பருப்பு வேகுதா பார்க்கணுங்க" என்றாள். நான் சிரித்தேன். அன்று ராத்திரி அந்தத் தண்ணீரில் போட்ட துவரம் பருப்பு, குக்கரில் ஆறு விசில் ஆகியும் முத்து முத்தாகவே இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. உப்புத் தண்ணீர், பருப்பை மட்டுமா கெடுக்கும்? குழாய், துணி, தலைமுடி எல்லாவற்றையும் பதம் பார்க்கும். ஆகவே, பாட்டில் இல்லாமல் வீடு பார்க்கப் போகாதீர்கள்.

அடுத்தது அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வெகுகால வழக்கம். 2017-ல் நிறைவேறி 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்ய வேண்டும். வாய் வார்த்தையை நம்பிய எங்களுக்கு, பழைய வீட்டுக்காரர் வெள்ளையடிக்க என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். குடிபுகும் அன்றே சுவர், கதவு, மின்சார மீட்டர் எண் எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் கட்டுவதில் நாங்கள் கற்ற பாடங்களையும் கேளுங்கள். புத்தகங்களைப் பெரிய பெட்டியில் போட்டால் யாராலும் தூக்க முடியாது. சின்னப் பெட்டியே நல்லது. கிரைண்டரின் கல்லைத் தனியாக எடுத்துக் கட்டுங்கள். குளிர்பெட்டியைப் படுக்கவைத்து ஏற்றாதீர்கள்; இறக்கியதும் சில மணி நேரம் சும்மா நிற்கவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். எங்கள் பீரோ புது வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒரு மணி நேரம் திரிசங்கு மாதிரி நின்றது. ஒரு நூலால் படியை அளந்திருந்தால் அந்தச் சிரமமே இல்லை. பால் காய்ச்சுகிற பாத்திரம், விளக்கு, உப்பு, மஞ்சள், தீப்பெட்டி, குழந்தையின் போர்வை, அன்றாட மருந்து இவ்வளவையும் ஒரே பையில் போட்டு உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை பதினேழு பெட்டிகளில் ஏதோ ஒன்றில் போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு மருந்துக்கடை தேடி அலைந்தேன்.

அம்மா என்றதும்தான் பெரிய தவறு நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லத்தான் உங்களை இத்தனை தூரம் அழைத்து வந்தேன்.

வாடகை, தண்ணீர், ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம், பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எல்லாம் பார்த்துத்தான் அந்த இரண்டாவது மாடி வீட்டைப் பிடித்தோம். நான் பார்த்தேன்; மனைவி பார்த்தாள்; அவள் தம்பிகூடப் பார்த்தான். அம்மாவுக்கு மட்டும் காட்டவில்லை. "வயசான காலத்தில் வெயிலில் எதற்கு அலைய வேண்டும்?" என்ற கரிசனம்!

மயிலாப்பூரில் அம்மா தினமும் மாலையில் கபாலீசுவரர் கோயிலுக்குப் போவாள். திரும்பும்போது தெற்கு மாட வீதியில் கீரைக்காரியோடு பத்து நிமிஷம் வழக்காடி, ஒரு கட்டுக் கீரை வாங்கி வருவாள். புது வீட்டுக்கு வந்த பிறகு கீரை வரவில்லை. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பெண்தான் கேட்டாள்: "பாட்டி, நீ ஏன் கீழேயே வர்றதில்லை?"

"முழங்கால் ஒத்துழைக்கலைடி கண்ணு. முப்பத்தாறு படி" என்றாள் அம்மா.

படியை அவள் எண்ணி வைத்திருந்தாள். நாங்கள் எண்ணவில்லை. குடிவந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

"ஏம்மா, முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"என்னை யாருடா கேட்டீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

அந்த ராத்திரி என் மனைவி, "பகலெல்லாம் இந்த வீட்டில் இருக்கப் போறது அத்தைதாங்க. நாம ரெண்டு பேரும் தூங்கத்தானே வர்றோம்?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த தை மாதம் அதே தெருவில் ஒரு கீழ்வீடு காலியானது. இந்தத் தடவை அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். அவள் ஹாலைப் பார்க்கவில்லை. சமையல் அறையின் வழவழப்புக் கல்லையும் பார்க்கவில்லை. குளியல் அறையின் நிலைப்படி எவ்வளவு உயரம் என்று காலை வைத்துப் பார்த்தாள். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். "கோயில் எத்தனை தூரம்?" என்று பக்கத்து வீட்டு அம்மாளை விசாரித்தாள். பிறகு, "சரிடா, அட்வான்ஸ் கொடு" என்றாள்.

ஒரே வருஷத்தில் இரண்டு லாரி வாடகை, இரண்டு முறை பால் காய்ச்சல், ஒரு பீரோவுக்கு இரண்டு காயம்! இந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். வீடு பார்க்கப் போகும்போது, தண்ணீர் பிடிக்கப் பாட்டிலையும் படியை அளக்க நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறாரோ, அவரையும் மறக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

வண்டிக்கு நேரமாகிவிட்டது, புறப்படுங்கள். ஆனால் எங்கள் வீட்டு வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். தெருவில் கீரைக்காரியின் குரல் கேட்கிறது. அம்மா விலை பேச ஆரம்பித்துவிட்டாள். பத்து நிமிஷத்துக்கு முன் முடியாது. அதற்குள் நீங்கள் ஒரு வாய் காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.