உப்புக்கு அஞ்சாத கத்தி

ஒரு மடக்குக் கத்திக்கு ₹14,000 கொடுக்கலாமா? வேறு யாராவது கேட்டிருந்தால், "காசு கடிக்கிறதா உனக்கு?" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கேட்டவன் என் தம்பி மகன். தூத்துக்குடியில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன். செல்போனில் படத்தைக் காட்டி, "பெரியப்பா, இது தேறுமா? நீங்க சொன்னா வாங்குவேன்" என்றான். அவனுக்குச் சீட்டு விழுந்திருந்தது. கையில் பணம் இருந்தது. அவன் அம்மாவோ வீட்டு ஓட்டை மாற்ற வேண்டும் என்று காத்திருந்தாள். ஆகவே அவசரப்பட்டு எந்தப் பதிலும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். "ஒரு வாரம் பொறுலே, யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். அந்த ஒரு வார யோசனைதான் இந்தப் பதிவு.

நான் முப்பத்து நாலு வருஷம் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். என் சம்பளத்தில் பாதியை உப்புதான் கொடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்வேன். உப்பு அரிக்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு அத்தனை வேலை வந்திருக்காது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்து இரண்டு மழை போவதற்குள் கீல் சிவந்துவிடும். ஜன்னல் கம்பி உப்பிப்போய்ப் பொரி பொரியாக உதிரும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. உப்பளத்துப் பாத்தியில் அதே தண்ணீர் வெயிலில் சுண்டி, போமே மீட்டரில் 25 காட்டும்போது உப்பு விளைய ஆரம்பிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கும் ஊரில் இரும்பு படும் பாட்டைச் சொல்லி மாளாது.

எங்கள் வீட்டில் பழைய அரிவாள்மனை ஒன்று உண்டு. என் அம்மா தினமும் காய் நறுக்கியதும் துடைத்து, விரலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, சுவரில் சாய்த்து வைப்பாள். அவள் இருந்தவரை அதில் துரு ஏறவில்லை. சாதா இரும்பு, சாதா எஃகு எல்லாமே இப்படித்தான். நன்றாக வெட்டும், நன்றாகச் சாணை பிடிக்கலாம், ஆனால் தினமும் சீராட்ட வேண்டும். கொடுமணலில் உருக்கு செய்த தடயம் கிடைத்திருக்கிறது. தென்னாட்டு உருக்கின் புகழ் கடல் கடந்து போனது. இருந்தாலும் அந்த உருக்கும் உப்புக்குப் பணிந்ததுதான். அதில் குரோமியம் கிடையாது.

குரோமியம்தான் இந்தக் கதையின் நாயகன். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமலிருக்க ஓர் எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்த்த எஃகு துருப்பிடிக்கவில்லை என்று கண்டார். எஃகின் மேல் குரோமியம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து காற்றையும் ஈரத்தையும் தடுக்கிறது. கீறினால் தானே மறுபடி மூடிக்கொள்கிறது. ஆனால் ஊர்க் கத்திக்காரர்கள் அவரை, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கேலி செய்தார்களாம். அந்தக் கேலியில் விஷயம் இருக்கிறது.

கத்தி கூராக நிற்க வேண்டுமானால் எஃகில் கரி வேண்டும். அந்தக் கரி, குரோமியத்தைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும். கட்டுண்ட குரோமியத்தால் காவலுக்கு வர முடியாது. கரியைக் கூட்டினால் கூர் நிற்கும், துரு வரும். கரியைக் குறைத்தால் துரு வராது, கூர் நிற்காது. நம் வீட்டு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சாம்பாரும் ரசமும் புளிக்குழம்பும் அதை ஒன்றும் செய்யாது. அதே தகட்டில் கத்தி செய்தால் வெண்டைக்காய்க்கு மேல் தாங்காது. நூறு வருஷமாகக் கத்தி செய்கிறவர்களின் தலைவலி இதுதான்.

இதற்குப் பிறகு வந்தவர்கள் கரிக்குப் பதில் நைட்ரஜனைக் கொண்டுவந்தார்கள். நைட்ரஜனும் எஃகைக் கடினமாக்கும், ஆனால் கரி அளவுக்குக் குரோமியத்தைச் சிறைப்பிடிக்காது. ஜப்பானில் செய்த எச்1 என்ற எஃகு அந்த வகை. எல்சி200என் என்று இன்னொன்று; அதன் இனத்து எஃகு விமானத் துறையின் பேரிங்குகளில் பயன்படுகிறது. 2021-இல் லாரின் தாமஸ் என்ற அமெரிக்க உலோகவியலாளர் மேக்னாகட் என்ற எஃகைக் கொண்டுவந்தார். அதில் கரி நிறைய உண்டு. ஆனால் அந்தக் கரியைப் பிடித்து வைக்க வனேடியமும் நியோபியமும் போட்டு, குரோமியத்தைக் காவலுக்கு விட்டுவிட்டார். பட்டறையில் வாழ்ந்தவனுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சந்தோஷம். சிலர் நல்ல சங்கீதம் கேட்டால் தலையாட்டுவார்களே, அப்படி.

தம்பி மகன் காட்டிய கத்தி, அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஸ்பைடர்கோ கம்பெனியுடையது. கடலுக்குப் போகிறவர்களுக்கென்று அவர்கள் செய்யும் வரிசைக்குப் பெயரே 'சால்ட்'. உப்பு என்று பெயர் வைத்த கத்தி உப்பு விளையும் ஊருக்கு வரப் பார்க்கிறது! அலகு ஏறத்தாழ நாலு அங்குலம். அலகிலேயே ஒரு வட்ட ஓட்டை. கட்டைவிரலை அதில் கொடுத்துத் தள்ளினால் ஒரு கையாலேயே திறக்கலாம். அலகு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் ஆணி, வில், திருகு எல்லாமே துருவை மனதில் வைத்துச் செய்தவை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை அதிகம் என்பதற்கு வாதம் தேட வேண்டியதில்லை. தூத்துக்குடி சந்தையில் ₹150-க்கு மடக்குக் கத்தி கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் சிவப்புப் பேனாக்கத்தி நல்ல சரக்கு. அதை அதிகாரிகள் கத்தியாக 1897-இல் பதிவு செய்த காலத்திலிருந்து பேர் போனது. அதற்கும் இந்த விலையில் சிறு பங்குதான். ₹14,000 இருந்தால் பழைய வலையில் கிழிந்த துண்டுகளை மாற்றலாம். வீட்டு ஓட்டைப் பார்க்கலாம். கத்தி கைதவறிக் கடலில் விழுந்தால் அது துருப்பிடிக்காமல் அடியில் கிடக்கும் என்பது ஓர் ஆறுதலா?

எனக்கே ஒன்று வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு எழுபத்தொன்று. மாம்பழம் நறுக்குவேன், பார்சல் பிரிப்பேன், சுருண்ட நகத்தைச் சீவுவேன். இதற்கு விமான பேரிங் எஃகு எதற்கு? துடைத்து எண்ணெய் போட எனக்கு நேரம் ஏராளம். உப்பிலிருந்து நாலு தெரு தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு அரிவாள்மனை வைத்தியமே போதும். என் விஷயம் அதோடு முடிந்தது.

அவன் விஷயம் முடியவில்லை. அதற்குக் காரணம் அவன் அப்பா.

1991-இல் என் தம்பி வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தான். ஒரு விடியற்காலை வலை இறக்கும்போது வலையின் மேல்கயிறு அவன் கணுக்காலில் சுற்றிக்கொண்டது. வள்ளம் முன்னே போகிறது, வலை பின்னே இழுக்கிறது, நடுவில் இவன் கால். கிடந்தபடியே ஒரு கையால் வள்ளத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இடுப்பிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்தான். பனிமய மாதா திருவிழாக் கடையில் வாங்கிய கத்தி. அது திறக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தும் திறக்கவில்லை. முன்பக்கம் நின்றவர் எஞ்சினை நிறுத்திவிட்டு மீன் அறுக்கும் கத்தியோடு ஓடிவந்து கயிற்றை அறுத்தார். உயிர் தப்பியது. கணுக்காலில் நரம்பு அறுந்து, இன்றைக்கும் தம்பி காலை இழுத்துத்தான் நடக்கிறான். அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினான்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அந்தக் கத்தியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வைஸில் இறுக்கித் திறந்தேன். அலகில் அங்கங்கே புள்ளிகள்தான்; சாணை பிடித்தால் போய்விடும். ஆனால் அலகு சுழலும் ஆணியும் உள்ளே இருந்த வில்லும் ஒரே துருக்கட்டி. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. காற்றுப் புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் அந்தப் பாதுகாப்புப் படலம் தன்னை மூடிக்கொள்ளத் தேவையான ஆக்சிஜன் கிடைக்காது. திறந்த இடத்தில் பளபளக்கும் எவர்சில்வரே இடுக்கில் குழி விழுந்து போகும். எங்கள் பட்டறைக்கு வந்த பம்புகளில் பாதி இப்படி வாஷருக்கு அடியில் அரித்தவைதான்.

ஆகவே கேள்வியை நான் மாற்றிக் கேட்டுக்கொண்டேன். அலகு துருப்பிடிக்குமா என்பதல்ல. மூன்று மாதம் இடுப்பில் ஈரத்தோடு கிடந்தபின் ஒரு கையால் திறக்குமா என்பதுதான் கேள்வி.

மடக்காத கத்தி வாங்கினால் என்ன? ஆணியும் கிடையாது, இடுக்கும் கிடையாது. உறையிலிருந்து உருவினால் போதும். சில நூறு ரூபாயில் நல்லதே கிடைக்கும். வள்ளத்தில் அப்படி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அது ஓர் இடத்தில் இருக்கும்; கயிறு இழுக்கிறவன் வேறிடத்தில் கிடப்பான். சரி, இடுப்பில் கட்டிக்கொண்டால்? தம்பி மகனிடம் கேட்டேன். "வலை இழுக்கையில கண்ணி உறையில மாட்டும் பெரியப்பா. அதுவே ஆபத்து" என்றான். தொழில் செய்கிறவன் சொல்லும்போது பட்டறைக்காரன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது. வள்ளத்தின் பின்பக்கம் கைக்கு எட்டும் உயரத்தில் உறையோடு ஒரு சாதா நேர்க்கத்தி. விலை குறைவு, கயிற்றால் கட்டியிருக்க வேண்டும், மீன் அறுக்க அதை எடுக்கக்கூடாது. அவன் உடம்போடு, அந்த விலை உயர்ந்த மடக்குக் கத்தி. அதிலும் பல் வைத்த அலகு. இந்த வகை எஃகில் வழுவழுப்பான கூர் சீக்கிரம் மழுங்கும். பல் வைத்தது நெடுநாள் நிற்கும், இறுகிய நைலான் கயிற்றையும் நன்றாக அறுக்கும். கையிலிருந்து நழுவாமல் பிடியின் ஓட்டையில் ஒரு கயிறு. பழம் நறுக்க, நகம் வெட்ட, டப்பா திறக்க அதைத் தொடக்கூடாது.

இப்படிப் பார்த்தால் ₹14,000 கத்தியின் விலை அல்ல. கத்தி நூறு ரூபாய்க்கும் வெட்டும். மறந்து போனாலும் துருப்பிடிக்காது என்பதற்குத்தான் மிச்சப் பணம். பத்து மணி நேரம் கடலில் உழைத்துவிட்டு, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு வருகிறவன் தினமும் கத்தியைக் கழுவி எண்ணெய் போடுவான் என்று கரையிலிருந்து எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

தம்பியிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஓட்டை அடுத்த வருஷம் மாத்திக்கலாம் அண்ணே" என்றான். தம்பி பெண்டாட்டிக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை; மழையில் பாத்திரம் வைத்து ஒழுகல் பிடிப்பவள் அவள்தான். ஆகவே பாதிப் பணம் என் பென்ஷனிலிருந்து என்று சொன்னேன். மீதம் பிடித்த ₹7,000-இல் ஒழுகும் பக்கத்து ஓடுகளை மட்டுமாவது இந்த மழைக்கு முன் மாற்றிவிடலாம்.

என் பாதிக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை அல்லவா? பூசை முடிந்து வரும் வழியில் என் வீட்டுக்கு வர வேண்டும். துருப்பிடிக்காத கத்தியிலும் மணலும் செதிலும் உப்புக் கல்லும் புகுந்து அடைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு நான் விடுவேன். தேங்காய் எண்ணெய் அரிவாள்மனைக்குச் சரி. இடுக்கில் விட்டால் நாள்பட்டுப் பிசினாகிவிடும். அதன்பின் அவன் வலது கையால் ஒரு தரம், இடது கையால் ஒரு தரம் திறந்து காட்ட வேண்டும். எந்தக் கை பலகையைப் பிடித்திருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதே.