முழு உபகாரச் சம்பளம் என்று நான் சொன்னது

என் மகள் அமெரிக்காவில் முழு உபகாரச் சம்பளத்தில் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுங்கை காடுட் ஸ்ரீ அரசகேசரி சிவன் கோயிலில் சொன்னேன். தேக்கா சந்தையில் எதிர்ப்பட்ட பழைய சகாக்களிடம் சொன்னேன். சுவா சூ காங்கில் எங்கள் புளோக் மின்தூக்கி மேலே போய்ச் சேருவதற்குள்கூட அண்டை வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

அவளுக்குக் கிடைத்தது, தென் மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகம் மதிப்பெண் பார்த்துக் கொடுத்த கட்டணக் குறைப்பு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணமும், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கும் வாங்குகின்றன. பக்கத்து மாநிலத்துப் பிள்ளையும் வெளியார்தான், சிங்கப்பூர்ப் பிள்ளையும் வெளியார்தான். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பல மாநிலங்கள் ஒதுக்கீட்டைக் குறைத்தபோது, வெளியார் கட்டும் பணம் முக்கிய வருமானமாகிவிட்டது. கலிஃபோர்னியாவில் சொந்த மாநிலப் பிள்ளைகளுக்கு இடம் குறைகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, 2017ல் பெரும்பாலான வளாகங்களில் வெளியார் 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அலபாமா பல்கலைக்கழகமோ, இந்த மதிப்பெண்ணுக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டே வெளியாரை வரவேற்றது. இன்று அங்கே படிப்பவர்களில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தவர்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவள் மகள்தான். தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில், ஏ லெவல் பாடங்களுக்கு நடுவே எஸ்ஏடி தேர்வுக்கும் படித்து, எந்தப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவருக்கும் குறைத்துத் தரும், எது தராது, சலுகை தொடர எத்தனை ஜிபிஏ வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேடி எழுதி வைத்திருந்தாள். கடிதம் வந்த இரவு அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள். பாதிக் கட்டணம் போனாலும் மீதிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விமானச் சீட்டு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40,000 வெள்ளிக்கு மேல். மாணவர் விசாவில் போகிறவள் அந்த மாநிலவாசி ஆகிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழியில்லை. “இங்கேயே படிக்கிறேன்பா, இடம் கிடைச்சிருக்கே” என்றாள். கல்வி அமைச்சின் மானியம் போக இங்கே பெரும்பாலான படிப்புகளுக்குக் குடிமக்கள் கட்டுவது ஆண்டுக்கு 10,000 வெள்ளிக்குள்தான். மத்திய சேம நிதியையும் உள்ளூர்ப் படிப்புக்குத்தான் எடுக்கலாம், வெளிநாட்டுக்குத் தொட முடியாது. நான் பிடிவாதம் பிடித்தேன். பாலிடெக்னிக்கோடு நின்றுபோனவன் நான். அந்தக் கடிதத்தில் அவள் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. சேமிப்பு போனது, மனைவியின் நகை போனது, வங்கிக் கடனும் வாங்கினேன்.

செலவழித்ததற்காக நான் வருந்தவில்லை. அதை மறைத்ததுதான் என் குற்றம். இந்த ஊரில் உபகாரச் சம்பளம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொதுச் சேவை ஆணையம். ஆண்டுதோறும் இஸ்தானாவில் அதிபர் கையால் விருது வாங்கும் பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வரும். அவர்களுக்குக் கட்டணம், தங்குமிடம், பயணம் எல்லாவற்றையும் அரசு பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ படித்துத் திரும்பினால் 6 ஆண்டுகள் அரசு வேலை பார்க்க வேண்டும்; அதைத்தான் பாண்ட் என்பார்கள். நான் வாய் திறந்தபோது கேட்டவர்கள் மனத்தில் வந்தது அந்தப் படம். வரட்டும் என்றுதான் விட்டேன். “பாண்ட் எத்தனை வருஷம்?” என்று கோயிலில் ஒருவர் கேட்டார். “பாண்டே இல்லை” என்றேன். அந்த ஒரு சொல் மட்டும் உண்மை. அதைச் சொன்னபோது என் பிள்ளை அரசாங்க உபகாரச் சம்பளக்காரர்களையும் மிஞ்சியவள் என்று அவர் வியந்தார். நான் திருத்தவில்லை.

எங்கள் மாடியிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது. அவர் வேன் ஓட்டுகிறார். மகன் கெட்டிக்காரன். “அண்ணே, உங்க மகளுக்கு எப்படிக் கிடைச்சுது, என் பையனுக்கும் சொல்லுங்க” என்று கேட்டு வந்தார். அன்றைக்காவது கணக்கைக் காட்டியிருக்கலாம். “நல்லாப் படிச்சா அவங்களே கூப்பிட்டுக் கொடுப்பாங்க” என்றேன். பையன் விண்ணப்பித்தான், விண்ணப்பக் கட்டணங்களுக்கே அவர்கள் கையில் இருந்ததைச் செலவழித்தார்கள். அவனுக்கும் என் மகளுக்குக் கிடைத்தது போன்ற கடிதமே வந்தது. தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில் அது தோல்வியாகிவிட்டது. முழுசும் கிடைக்கவில்லையே, அந்த அக்காவுக்குக் கிடைத்ததே, நீ எங்கே கோட்டை விட்டாய் என்று அப்பா கேட்டது எங்கள் வாசல் வரை கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை.

மகள் விடுமுறைக்கு வந்தபோது யாரோ வாழ்த்தப் போய் எல்லாம் தெரிந்துகொண்டாள். சத்தம் போடவில்லை. “அது என் மார்க்குக்குக் கிடைச்சதுப்பா. அது போதாதுன்னு உங்களுக்குத் தோணுச்சா?” என்று கேட்டாள். அவள் உழைத்து வாங்கியதை நானே குறைத்து மதித்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பருவத்திலும் அந்தச் சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் படுகிற பாட்டை ஊரில் ஒருவரும் அறியாதபடி செய்துவிட்டேன். எல்லாம் இலவசமாக வந்துவிட்டது என்றே அவர்கள் நினைக்கிறார்கள்.

போன வாரம் அந்த வேன் ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். கட்டண ரசீதுகளையும் வங்கிக் கடன் தாளையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். முதல் ஆண்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அப்ப என் பையன் தோற்கலையே, அண்ணே” என்றார். “இல்லை. என் மகளுக்குக் கிடைச்சதுதான் அவனுக்கும் கிடைச்சுது” என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் ரசீதுகளைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மகனுக்குக் காட்ட வேண்டுமாம்.

எடுக்கச் சொன்னேன். ஆனால் பையனிடம் நானே சொல்கிறேன் என்றும் கேட்டுக்கொண்டேன். அவன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான், இங்கேயே பல்கலைக்கழக இடம் காத்திருக்கிறது. சனிக்கிழமை முகாமிலிருந்து வருகிறான்.