ஒரு மாசம் கழட்டாதீங்க!

பழைய புல்லட் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திப் பாருங்கள். அதுவரை உங்களைப் பார்த்துச் சிரித்துக்கூட இராத எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். சைலன்ஸரை எட்டிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். "ஆயில் அடிக்குது சார். போர் போட்ரணும்!"

நான் வாங்கியது 1989 மாடல். திருவொற்றியூரில் பிறந்த 350 சி.சி. வண்டி. விற்றவர் ரிட்டயர்டு மனிதர். "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி, என் முட்டிதான் கேக்க மாட்டேங்குது" என்றார். படிவம் 29, படிவம் 30, சேஸிஸ் நம்பர் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைந்த படலம் தனி. அதை விடுங்கள்.

சாவியைக் கொடுக்கும் முன் அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். புல்லட்டை எட்டி உதைக்கக் கூடாது. கேட்டு உதைக்க வேண்டும். ஹெட்லைட் மண்டையில் சின்னதாக ஒரு ஆம்மீட்டர் இருக்கிறதல்லவா? சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் முள் சட்டென்று நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இடது கையில் இருக்கும் டீகம்ப்ரஸ்ஸரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். கையை விடுங்கள். கிக்கர் மேலே வரட்டும். இப்போது முழுசாக ஒரு உதை. டப்... டப்... டப்! அரைகுறையாக உதைத்தால் பிஸ்டன் திருப்பி உதைக்கும். கணுக்கால் போய்விடும். 70 மி.மீ. அகலமுள்ள ஒற்றை பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்குகிற இன்ஜின், விளையாட்டில்லை.

வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மற்ற வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு வாரத்துக்குத் தலை சுற்றும்.

புகை விஷயத்துக்கு வருகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே கொசு மருந்து அடித்த மாதிரி நீலமாகிவிடும். ஒரு மெக்கானிக், "முழுசா இறக்கிடலாம் சார்" என்று ஸ்பேனரையே எடுத்துவிட்டார். போர் போடுவது என்றால் சிலிண்டரைக் கடைந்து பெரிசாக்கி, பெரிய பிஸ்டன் போடுவது. கடைந்த இரும்பு திரும்ப வளராது. சில தடவைதான் கடையலாம். அப்புறம் சிலிண்டரே மாற்ற வேண்டும். அந்த வார்ப்பிரும்பு இன்ஜினோ 2010 வாக்கிலேயே தயாரிப்பிலிருந்து போய்விட்டது. பணத்தைவிட அதுதான் என்னை உறுத்தியது.

இன்னொரு வயசான மெக்கானிக்கிடம் போனேன். இன்ஜினில் கையை வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் தோற்றார். "ஒரு மாசம் கழட்டாதீங்க. ஓட்டுங்க. எப்பல்லாம் புகையுதுன்னு எழுதி வைங்க."

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். தினமும் ஓட்டினால் புகை பேருக்குத்தான். இரண்டு நாள் நிறுத்திவைத்தால் நீல மூட்டம்; அஞ்சு நிமிஷத்தில் சுத்தம். கத்திப்பாரா மேம்பாலத்தில் முறுக்கி ஏற்றினாலும் பின்னால் புகையில்லை. ரிங் தேய்ந்திருந்தால் அங்கேதான் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

நோட்டைப் பார்த்துப் பெரியவர் சிரித்தார். இந்த இன்ஜினில் ஆயிலுக்குத் தனி அறை. வண்டி சும்மா நிற்கும்போது அதிலிருந்து கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் அது எரிகிறது. மிச்சத்தைப் பம்ப் இழுத்து அறைக்கே அனுப்பிவிடும். அதனால் ஆயில் அளவைக் காலையில் பார்க்காதீர்கள். குறைவாகக் காட்டும், நீங்கள் ஊற்றித் தொலைப்பீர்கள். ஓட்டிவிட்டு வந்து, சூட்டோடு பாருங்கள்.

'டக் டக்' சத்தத்துக்கும் அவரே மருந்து சொன்னார். இன்ஜின் ஆறியிருக்கும்போது வலப்பக்க மூடியைத் திறந்து, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரண்டு தள்ளுகம்பிகளையும் விரலால் சுற்றிப் பார்க்கணும். லேசாகச் சுற்றணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஒன்று ஆடியது. பத்து நிமிஷத்தில் சரி செய்தோம்.

கிளட்ச் கேஸில் இன்னும் சொட்டுகிறது. மொத்த மூடியும் ஒரே நட்டில் நிற்கிறது. இறுக்கினால் நின்றுவிடும் என்று கை பரபரக்கும். இறுக்கினால் மூடிதான் வளையும். உள்ளே இருக்கிற ரப்பரை மாற்ற வேண்டும். வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை. அதுவரைக்கும் அடியில் ஒரு பழைய அட்டை.