செல்ப் மோட்டாருக்கு ஒரு பரீட்சை

மோட்டார் வண்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் அநேகர்; தள்ளத் தெரிந்தவர்கள் அதனினும் அநேகர். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் வாசலில் நமது பழைய அம்பாசிடரைத் தள்ள முன்வந்த நால்வரும் இரண்டாவது கலையில் தேர்ந்தவர்கள். 1023ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழனின் சைன்யம் கங்கை வரை சென்று திரும்பியது. அந்த வெற்றியின் பெயர் தாங்கிய ஊரில் நமது வண்டி நெடுஞ்சாலை வரை செல்லவும் பிறர் தோள்பலத்தை எதிர்பார்த்து நின்றது. உள்ளே எண்பது பிராயம் கடந்த தாயார், பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் பத்து நாளைக்கு முன்புதான் செல்ப் மோட்டாரை ஓவர்ஹால் செய்திருந்தோம். கார்பன் புதிது, புஷ் புதிது, கம்யூட்டேட்டரைக் கடைந்து பளபளப்பாக்கியிருந்தார்கள். வேலை பார்த்த பட்டறையில் மோட்டாரை மேஜைமேல் வைத்துப் பாட்டரியிலிருந்து கம்பி கொடுத்தபோது அது 'விர்'ரென்று சுழன்றது. பரீட்சை முடிந்ததென்று சொல்லிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

தள்ளிக் கிளப்பிய வண்டியை அணைக்காமலே அருகிலுள்ள ஜெயங்கொண்டத்துக்கு ஓட்டிச் சென்றோம். அங்கிருந்த மெக்கானிக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "மேஜைமேல் சுற்றுவது, மாட்டை வெறுமனே நடக்கவிட்டுப் பார்ப்பதுபோல, ஐயா. பாரவண்டியில் பூட்டினால் அல்லவா அதன் பலம் தெரியும்!"

அவர் சொன்னது முற்றும் உண்மை. சுமையின்றிச் சுழலும் மோட்டாருக்குச் சில பத்து ஆம்பியர் மின்சாரம் போதும். எஞ்சினைச் சுழற்றும்போதோ 150, 200 ஆம்பியர் கூடத் தேவைப்படும். அவ்வளவும் பாட்டரியிலிருந்து புறப்பட்டு, மோட்டாரைக் கடந்து, எஞ்சின் உடல் வழியாகப் பாட்டரிக்கே திரும்ப வேண்டும். வழியில் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 150 ஆம்பியர் ஓடுகையில் மூன்று வோல்ட் பறிபோய்விடும். பன்னிரண்டில் மூன்று போனால் மிச்சத்தை வைத்துக்கொண்டு மோட்டார் முனகத்தான் செய்யும்.

1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் கெட்டரிங் என்ற அமெரிக்கர் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்துவதற்கு முன் எல்லாம் கைப்பிடிச் சுழற்சிதான். கைப்பிடி எதிர்ப்புறம் உதைத்துக் கை முறிந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நாளில் மீட்டர் வேண்டியதில்லை. கோளாறைக் கையே சொல்லிவிடும்!

மெக்கானிக், எஞ்சின் கிளம்பிவிடாதபடி காயில் கம்பியைக் கழற்றினார். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்துக்கொண்டு, சாவியைத் திருகச் சொன்னார். முள் அரை வோல்ட்டைத் தாண்டலாகாதாம். அது மூன்றருகே போய் நின்றது!

எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை பச்சைக் களிம்பேறி, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. புதியதைப் பூட்டி, இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார். மறுபடி சோதித்தபோது முள் அசைந்ததாகவே தெரியவில்லை. எஞ்சின் மளமளவென்று சுழன்றது. பத்து விநாடிக்குமேல் சாவியைப் பிடிக்கவேண்டாம், உள்ளே சூடேறி மோட்டார் வெந்துபோகும் என்றும் எச்சரித்தார்.

பழைய பட்டையைக் குப்பையில் எறியப் போனார். நாம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். மேஜைமேல் பரீட்சை நடத்திய அந்தப் பட்டறைக்காரரிடம் காட்டவேண்டும் அல்லவா?