பிரிமணை சொன்ன பதில்

எங்கள் வீட்டுச் சமையல் மேடையை நாங்களே வார்த்தோம். எட்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குல கனம். கிரானைட்டும் வேண்டாம், கடப்பா கல்லும் வேண்டாம், கான்கிரீட்டே மேல்முகமாக இருக்கட்டும் என்று சொன்னபோது கொத்தனார் அண்ணன் சற்று நேரம் பேசாமல் நின்றார். "கல்லைப் போட்டு மூடுறதுக்குத்தான் எல்லாரும் இதை வார்க்கச் சொல்லுவாங்க தாயி. நீங்க இதையே மேல காட்டணும்ங்கிறீங்க" என்றார். ஆனாலும் மனம் ஒப்பிச் செய்து கொடுத்தார். ஏறத்தாழ 180 கிலோ எடை. தூக்கி வைப்பது கடினம் என்பதால் இருந்த இடத்திலேயே சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி வார்த்தோம். ஈரச்சாக்கு போர்த்தி நாள் தவறாமல் தண்ணீர் விட்டோம். 28 நாள் கழித்து, கை கிரைண்டரில் வைர பேடு மாட்டி, 50-ஆம் நம்பரில் தொடங்கி 400 வரை தேய்த்தபோது, உள்ளேயிருந்த மணலும் ஜல்லியும் வற்றிய ஆற்றின் படுகைபோல மேலே தெரிந்தன. அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

அதன் மேல் எந்த சீலரைப் பூசுவது என்பதுதான் மேடையை வார்த்ததைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது.

நான் பிறந்த வீட்டில் ஆத்தங்குடித் தரை. அதுவும் சிமென்ட், மணல், வண்ணப்பொடி கொண்டு கையால் வார்த்த கல்தான். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும், மூன்று தலைமுறை வெறுங்காலோடு நடந்ததுமே அதற்கு மெருகு. அந்த நினைப்பில், மேடைக்கும் எண்ணெயும் தேன்மெழுகும் போதும் என்று நம்பினேன். தரையில் யாரும் தினமும் எலுமிச்சம்பழம் பிழிவதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. புளிப்புப் பட்டால் சுண்ணாம்பு கரையும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், புளியின் டார்டாரிக் அமிலம், மோர், வினிகர் எல்லாமே கான்கிரீட்டுக்குப் பகை. மஞ்சளுக்கோ வேறு குணம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பூச்சில்லாத புதுக் கான்கிரீட்டில் மஞ்சள் சிந்தினால் அங்கேயும் அதே ஆரத்திதான். துடைத்தால் போகாத ஆரத்தி.

வார்த்த அன்று மிஞ்சிய கலவையை வீணாக்காமல், பிளாஸ்டிக் டப்பா மூடிகளில் ஆறு துண்டு வார்த்து வைத்திருந்தோம். மேடைக்குச் செய்ததையெல்லாம் அவற்றுக்கும் செய்தோம். ஒன்றை வெறுமனே விட்டோம். இரண்டாவதற்குத் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும். மூன்றாவதற்கு, வெளிச்சுவருக்கு அடிக்கிற சிலேன்-சிலாக்சேன் வகை சீலர். நான்காவது அக்ரிலிக், ஐந்தாவது எபாக்ஸி, ஆறாவது இரண்டு டப்பா கலந்து பூசும் பாலியூரித்தேன். பெயின்ட் கடையில் பி.யூ. என்பார்கள். எல்லாவற்றின் மேலும் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, புளிக்கரைசல் ஒரு சொட்டு, நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள் ஒரு பொட்டு. பத்து நிமிடத்தில் ஒரு முறை, ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை பார்த்தேன். கடைசியாக, அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை ஒவ்வொன்றின் மேலும் வைத்து எடுத்தேன்.

வெறும் துண்டில் எலுமிச்சைச் சாறு விழுந்ததுமே நுரை கட்டியது. பத்து நிமிடத்தில் மெருகு போய், விரல் வைத்தால் சொரசொரத்தது. மெழுகுத் துண்டு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தேன்மெழுகு 62, 63 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வாணலி வைத்த இடத்தில் வளையம் விழுந்தது. சிலாக்சேன் துண்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது; பார்வைக்குப் பூச்சே தெரியவில்லை. என் மனம் அதில்தான் நின்றது. ஆனால் அது தண்ணீரைத்தான் விலக்குகிறது, அமிலத்தை நிறுத்துவதில்லை. காலையில் அங்கும் வெள்ளைத் தழும்பு. டென்சிஃபையர் என்று விற்கிற சிலிகேட் திரவங்களும் இந்த இடத்தில் உதவாது. அவை உள்ளிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து மேற்பரப்பை இறுக்கும். கிடங்குத் தரையில் தூசி எழும்பாமல் இருக்க நல்லது. புளிக்கு அது அணையாகாது.

மேலே படலமாகப் படியும் மூன்றும் புளிப்பைத் தடுத்தன. அக்ரிலிக் சூட்டில் இளகி வாணலியின் அடியில் ஒட்டிக்கொண்டது. எபாக்ஸி புளி, மஞ்சள் இரண்டுக்கும் அசையவில்லை. சூடு பட்ட இடத்தில் தடம் விழுந்தது, ஜன்னல் வெயிலில் வைத்த துண்டு நாளடைவில் பழுப்பேறியது. பி.யூ. துண்டில் மஞ்சள் லேசாகப் பிடித்து, வெயில் பட்டதும் சில நாளில் மறைந்தது. ஆனால் கொதிக்கும் வாணலி அதிலும் வெளுப்பாக ஒரு வட்டம் போட்டது.

ஆறில் ஒன்றுகூட முழுத் தேர்ச்சி இல்லை. உள்ளே இறங்கும் சீலருக்குச் சூட்டைப் பற்றிக் கவலையில்லை, புளிப்பு அதைக் கடந்துவிடும். மேலே படியும் சீலருக்குப் புளிப்பு பொருட்டில்லை, சூடும் கத்தியும் அதைக் காயப்படுத்தும். ஒரு வாரம் துண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாமல் இருந்தேன்.

அத்தை சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் விடை கிடைத்தது. ரசத்துக்குப் புளி கரைத்தவர் கையை உதறினார். நாலு சொட்டு மேடையில் விழுந்தது. எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தாளிக்கப் போனார். அரை மணி நேரம் அது அப்படியே கிடந்தது. எழுபது வயதில் ஒருவரிடம், சிந்தினால் உடனே துடைக்க வேண்டும் என்று சொல்வது முறையில்லை. பிறகு குழம்புச் சட்டியை இறக்கினார். கண் பார்க்காமலே இடது கை நீண்டு பிரிமணையை இழுத்துப் போட்டது. சட்டி அதன் மேல் உட்கார்ந்தது. காய் நறுக்கியதோ தரையில், அரிவாள்மணையில்.

"அத்தை, சட்டியை ஒரு நாளாவது வெறும் மேடையில வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"சூட்டுப் பாத்திரத்தை யாராச்சும் அப்படி வைப்பாங்களாம்மா?" என்றார்.

பி.யூ. என்று முடிவு செய்தேன். சூட்டைத் தாங்காது என்பது அதன் குறை. அந்தக் குறையை இந்த வீட்டின் பழக்கம் எப்போதோ அடைத்து வைத்திருக்கிறது. புளிப்பைத் தாங்காத பூச்சுக்கு இங்கே அப்படி ஒரு துணை இல்லை.

பூசியதில் ஒரு தவறு நேர்ந்தது. தொட்டி ஓரம் ஈரம் காயாத இடத்திலும் அவசரப்பட்டுப் பூசிவிட்டேன். ஒரே மாதத்தில் அங்கே வெள்ளைத் திட்டு விழுந்து படலம் தூக்கியது. சுரண்டி எடுத்து, பத்து நாள் காயவிட்டு, பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் மூடி வைத்துப் பார்த்தேன். அடியில் நீர்த்துளி கோக்கவில்லை, இடமும் கறுக்கவில்லை. அதன் பிறகே மறுபடி பூசினேன். பூசும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஐசோசயனேட் கலந்த பூச்சு என்பதால் துணி முகக்கவசம் போதாது, ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை மேடையில் உணவு வைக்கக் கூடாது.

இரண்டு வருடம் ஆகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் மெருகு கொஞ்சம் மங்கியிருக்கிறது; மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து இன்னொரு கை பூசினால் சரியாகும். புளி இன்னும் சிந்துகிறது. தழும்பு ஒன்றும் இல்லை.

சொந்தமாக மேடை வார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைக்காரர் சீலரின் பலத்தைச் சொல்வார். நீங்கள் அதன் பலவீனத்தைக் கேளுங்கள். வார்க்கிற அன்றே மிச்சக் கலவையில் நாலைந்து துண்டு வார்த்து வையுங்கள். உங்கள் வீட்டுப் புளியை, உங்கள் வீட்டு மஞ்சளை அவற்றின் மேல் விட்டுப் பாருங்கள். பிறகு, அந்த மேடையில் யார் சமைக்கப் போகிறாரோ அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க நின்று, அவர் கைகளைப் பாருங்கள். எந்தப் பூச்சு என்பதை அந்தக் கைகள் சொல்லிவிடும்.